ஏப்ரல் 21 அன்று ஊரில் இல்லாதவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி, இந்த செமஸ்டருக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்துக்கு வந்திருக்கிறார். ஏப்ரல் 21ஆம் தேதி மஸ்டர், அதாவது அந்தப் பல்கலைக்கழகத்தார் கூடி, ஓராண்டில் இறந்த தங்கள் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, அவர்களுக்காகப் பதில் சொல்லும் நாள். அவருக்குத் தெரிந்து அந்த ஊரில் வேறு ஏ அண்ட் எம் ஆள் யாருமில்லை. தனியாக மஸ்டர் நடத்தலாமா, நடத்தினால் அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா, என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "என் லேப்மேட் நவம்பர்ல ஆக்சிடென்ட்ல இறந்துட்டான். அவன் பேருக்கு நான் பதில் சொல்லலாமா? ரெண்டு வருஷப் பழக்கம்தான். நான் இந்தியன் வேற."

தம்பி, கேள்வியே அந்தக் கடைசி வரிதான். மற்றதெல்லாம் முன்னுரை. அதனால் அதற்கு முதலில் பதில்: சொல்லலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவர்களை ஆங்கிலத்தில் ஆகீ என்பார்கள். (ஒற்றை இகரம் போட்டால் "ஆகி" என்று வினையெச்சம் ஆகிவிடுகிறது. அதனால் நான் எப்போதும் நெடில்தான் போடுவேன்.) 1876இல் விவசாயமும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரியாகத் தொடங்கிய இடம். நீண்ட காலம் ஆண்கள் மட்டும். எல்லாருக்கும் ராணுவப் பயிற்சி கட்டாயம். 1960களில்தான் பெண்கள் வரத் தொடங்கினார்கள், ராணுவப் பயிற்சியும் விருப்பப் பாடமானது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள் படிக்கும் பெரிய பல்கலைக்கழகம். ஆனால் பழைய பட்டாளத்து வாசனை இன்னும் போகவில்லை. மஸ்டர் என்ற சொல்லே அப்படி வந்ததுதான்.

சொல் நமக்கும் புதிதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் மஸ்டர் ரோல் என்றால் என்னவென்று சொல்லிவிடுவார். யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை என்று பெயர் கூப்பிட்டுக் குறிக்கும் பட்டியல். ஏ அண்ட் எம் மஸ்டரும் அதேதான். ஒரே வித்தியாசம், இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் கடந்த ஓராண்டில் இறந்துபோனவர்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். இறந்தவரின் மனைவியோ, மகனோ, அறை நண்பரோ எழுந்து "ஹியர்" என்பார். ஒரு மெழுகுவத்தி ஏற்றப்படும். அடுத்த பெயர்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து "உள்ளேன் ஐயா"தான் அது. கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். கட் அடித்துவிட்டுப் போன நண்பனுக்காகக் குரலை மாற்றி "எஸ் சார்" சொல்வோமே, அதே வேலை. ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆப்சென்ட் போட விடமாட்டோம். இதை நான் முதல்முறை ஒரு அமெரிக்க நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தான். எனக்கு இந்தச் சடங்கு புரிந்தது அந்த வழியில்தான்.

சரி, ஏப்ரல் 21 ஏன்? 1836இல் அன்றுதான் இன்றைய ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சான் ஹசிண்டோ என்ற இடத்தில் சாம் ஹூஸ்டனின் படை மெக்சிகோவின் சாண்டா அன்னா படையைத் தோற்கடித்தது. சண்டை நடந்தது சுமார் 18 நிமிடம்தான் என்பார்கள். டெக்சாஸ் தனி நாடானதற்குக் காரணமான நாள். டெக்சாஸ்காரர்களுக்கு அது ஒரு விடுமுறை உணர்வுள்ள தேதி. கல்லூரியின் பழைய மாணவர்கள் கூடுவதற்கும் வசதியான தேதி. முதல் கூடல் நடந்தது 1883 ஜூன் 26 என்று பதிவு இருக்கிறது. பின்னால்தான் அது ஏப்ரலுக்கு மாறி நிலைத்தது.

இங்கே உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1923 மார்ச்சில் முன்னாள் மாணவர்களின் இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. உங்களைச் சுற்றி நூறு மைலுக்குள் இன்னொரு ஏ அண்ட் எம் ஆள் இருந்தால், அன்றைக்கு நீங்கள் இருவரும் கூடி, ஏதோ கொஞ்சம் சாப்பிட்டு, கல்லூரி நாட்களைத் திரும்ப வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நன்றாகக் கவனியுங்கள். "கல்லூரிக்கு வாருங்கள்" என்று கூப்பிடவில்லை. இருக்கிற இடத்திலேயே இருங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தேடுங்கள் என்கிறது. அதாவது, வளாகத்தில் நடக்கும் ஒரு விழாவை வெளியூரில் இருப்பவர்கள் ஏக்கத்தோடு நகலெடுப்பது இல்லை இது. தொடக்கமே சிதறிக் கிடப்பவர்களுக்காகத்தான். நீங்கள் கார்ல்ஸ்ரூவில் இருப்பதால் மஸ்டரைத் தவறவிடுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன்.

அடுத்ததாக எல்லாரும் சொல்லும் கொரகிடோர் கதை. உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு.

1942, இரண்டாம் உலகப் போர். பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவின் வாயில் கொரகிடோர் என்ற சிறு தீவு. பத்தான் தீபகற்பம் ஏப்ரல் 9 அன்றே ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. தீவில் மிஞ்சியிருந்த அமெரிக்க, பிலிப்பினோ படைகள் மீது இரவும் பகலும் குண்டு. விரிகுடாவின் கடலோரப் பாதுகாப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் ஜார்ஜ் மூர், 1908ஆம் ஆண்டு ஏ அண்ட் எம் மாணவர். ஏப்ரல் 21 அன்று அங்கிருந்த ஏ அண்ட் எம் ஆட்களின் பெயர்கள் கணக்கெடுக்கப்பட்டன. 25 பேர். அந்தச் செய்தி போர்ச் செய்தியாளர் ஒருவர் மூலம் அமெரிக்கா போய்ச் சேர்ந்து நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு வாரம் கழித்து, மே 6 அன்று, தீவு விழுந்தது. பிழைத்தவர்கள் கைதிகளானார்கள், முகாம்களிலிருந்து பலர் திரும்பவில்லை.

இதைச் சொல்லும்போது பலரும் அந்த 25 பேரும் சுரங்கப் பாதைக்குள் வட்டமாக நின்று பாட்டுப் பாடியதுபோல ஒரு காட்சியைக் கண்முன் கொண்டுவருவார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும் தீவில் ஆளுக்கொரு பீரங்கி நிலையில் இருந்தவர்கள் அப்படி ஓரிடத்தில் கூடியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை என்பது என் எண்ணம். பட்டியல் எடுத்தார்களே, அது போதும். யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார், பெயர்கள் வந்தன, அவை வெளியே போயின. மஸ்டர் என்ற சொல்லுக்கு அதற்குமேல் அர்த்தம் இல்லை. கூட்டம், மேடை, பாட்டு எல்லாம் பின்னால் சேர்ந்தவை.

அந்தப் போரில் ஏ அண்ட் எம்மிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதில் சுமார் 14,000 பேர் அதிகாரிகள். பலர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள். பட்டம் வாங்கவே இல்லை. அதனால்தான் அங்கே பட்டதாரி என்று பார்க்காமல் "முன்னாள் மாணவர்" என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் வழக்கமான "அலும்னி" என்ற லத்தீன் சொல்லைத் தவிர்ப்பார்கள். நமக்குத் தமிழில் எப்போதுமே முன்னாள் மாணவர்தான். அதில் நாம் தப்பித்தோம்.

போர் முடிந்து 1946 ஏப்ரல் 21 அன்று அதே கொரகிடோரில் 128 பேர் கூடினார்கள். படுக்கை விரிப்பில் எழுத்து வரைந்து கொடியாகப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் உண்டு. பார்க்காவிட்டால் தேடிப் பாருங்கள். அதே நாளில் கல்லூரி மைதானத்தில் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெனரல் ஐசன்ஹோவர் வந்து பேசினார், பெருங்கூட்டம். இரண்டில் எது மஸ்டர் என்று என்னைக் கேட்டால் படுக்கை விரிப்பைத்தான் காட்டுவேன்.

வளாகத்தில் நடப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் படித்தபோது ரீட் அரீனா என்ற பெரிய உள்ளரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கானோர். விளக்கெல்லாம் அணைந்துவிடும். பெயர் கூப்பிடக் கூப்பிட இருட்டில் ஏதோ ஒரு மூலையிலிருந்து "ஹியர்" வரும். சில பெயர்களுக்கு ஒரே குரல், கிழவியின் குரல். சில பெயர்களுக்கு இருபது பேர் சேர்ந்து கத்துவார்கள். அது இளம் மாணவனின் பெயர் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் ராஸ் வாலண்டியர்ஸ் என்னும் மாணவர் அணி ஏழு துப்பாக்கிகளால் மூன்று முறை வானை நோக்கிச் சுடும். எக்காளத்தில் சில்வர் டாப்ஸ் என்ற அஞ்சலி இசையை வாசிப்பார்கள். வெளியே வரும்போது யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அந்த ஊரில் பத்தாயிரம் பேர் அமைதியாக நடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

இதே பல்கலைக்கழகத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு மரபு உண்டு, அதில் சில எனக்குச் சலிப்பூட்டியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். தேர்வுக்கு முன்னால் பழைய கல்லூரித் தலைவர் ராஸின் சிலையின் காலடியில் சில்லறை வைக்க வேண்டும். மாணவர் மையத்துக்குள் தொப்பி போடக்கூடாது, சுற்றியுள்ள புல்லில் கால் வைக்கக்கூடாது. (இந்தக் கடைசி இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் கட்டடமே போரில் இறந்த மாணவர்களின் நினைவிடம். 1951இல் அதைத் திறந்துவைத்ததும் ஒரு ஏப்ரல் 21 அன்றுதான்.) பல்கலைக்கழக மோதிரம் வாங்குவது அங்கே ஒரு கல்யாணம் மாதிரி. வெளிநாட்டில் இருப்பதால் மோதிர நாளைத் தவறவிட்டேன் என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தால் "ஆமாம், தவறவிட்டீர்கள்" என்று சொல்லியிருப்பேன். மஸ்டருக்கு அது பொருந்தாது.

இனி நடைமுறை.

முதலில் தேடுங்கள். முன்னாள் மாணவர் சங்கத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு ஆண்டும் உலகம் முழுக்க எங்கெங்கே மஸ்டர் என்று பட்டியல் போடுவார்கள். முந்நூறு இடங்களுக்கு மேல் நடக்கிறது. நூறு மைல் என்றால் 160 கிலோமீட்டர். கார்ல்ஸ்ரூவை நடுவில் வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஸ்டுட்கார்ட், ஹைடெல்பெர்க், ஃப்ராங்க்ஃபர்ட், கைசர்ஸ்லவுட்டர்ன், எல்லை தாண்டினால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் எல்லாம் உள்ளே வந்துவிடும். இதில் ஸ்டுட்கார்ட்டிலும் கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கத்து ராம்ஸ்டைனிலும் அமெரிக்கப் படைத்தளங்கள். படைத்தளம் இருந்தால் ஏ அண்ட் எம் ஆள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும்: கூட்டம் தளத்துக்குள் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாசலில் போய் நின்றால் விடமாட்டார்கள். முன்கூட்டியே எழுதி, உள்ளே கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் வெளியே ஓர் உணவகத்திலோ யார் வீட்டிலோ வைப்பார்கள். தேதியும் எப்போதும் சரியாக 21 ஆக இருக்காது. வெளியூர்களில் பக்கத்து வார இறுதிக்கு மாற்றிக்கொள்வதுண்டு. ஆகவே தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கிடைக்காவிட்டால் நீங்களே நடத்தலாம். பட்டமோ பதவியோ வேண்டாம். சங்கத்துக்கு எழுதினால் எப்படி நடத்துவது என்ற குறிப்புகளையும், யார் யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கான உதவியையும் தருவார்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே எழுதிவிடுவது நல்லது.

என் அனுபவம் ஒன்று. எனக்கும் உங்கள் மாதிரிதான், ஆய்வுக்காக ஆறு மாதம் ஸ்டுட்கார்ட். பட்டியலில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டால் ஓய்வு பெற்ற பீரங்கிப் படை அதிகாரி ஒருவர், எழுபதுகளில் படித்தவர். ஜெர்மன் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். முதல் கேள்வியே "எந்த வருட கிளாஸ்?" என் பெயரைப் பிறகுதான் கேட்டார். அன்று மாலை அவர் வீட்டுச் சமையலறையில் நான்கு பேர்: அவர், அவர் மனைவி, இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்த ஒரு டெக்சாஸ் பெண், நான். அவர் மாட்டிறைச்சியைக் காலையிலிருந்தே அடுப்பில் வைத்திருந்தார். நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோனேன். வறுவல்தான் முதலில் தீர்ந்தது என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

பட்டியலில் மூன்று பெயர். மூன்றாவது அவருடைய கல்லூரி அறை நண்பர். அதை யார் வாசிப்பது என்று ஒரு சிக்கல். அவரே வாசித்து அவரே பதில் சொல்ல முடியாது அல்லவா? கடைசியில் அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் ஜெர்மன் உச்சரிப்பில் அந்தப் பெயரை வாசித்தார். அவர் எழுந்து நின்றார், அடுப்பங்கரையில், ஏப்ரனோடு. "ஹியர்." நான் மெழுகுவத்தியை ஏற்றினேன். அப்புறம் சில்வர் டாப்ஸுக்காகக் கைபேசியில் ஒரு காணொளியைப் போட்டோம். பாதியில் சலவைத்தூள் விளம்பரம் வந்துவிட்டது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். என் நண்பனுக்கு இது பிடித்திருக்கும் என்றார். ஆனாலும் நீங்கள் முன்னதாகவே பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய வேறு சில சில்லறை விஷயங்கள். மாணவர் விடுதி அறையில் உண்மையான மெழுகுவத்தி வேண்டாம். புகை உணரி கத்தினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும், கட்டணமும் உங்கள் தலையில் விழலாம். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். வெளியே முற்றத்தில் என்றால் நிஜச் சுடரே வைத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஜெர்மனியில் அமைதி நேரம், அதற்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 21 சில ஆண்டுகளில் ஈஸ்டரில் வந்து விழும். 2019இல் ஈஸ்டர் ஞாயிறே அன்றுதான், 2025இல் ஈஸ்டர் திங்கள். அப்படி வந்தால் கடையெல்லாம் மூடியிருக்கும், சாமான் முன்னாடியே வாங்கி வைக்க வேண்டும்.

வளாக மஸ்டரை நேரலையில் பார்க்கலாம் என்று நினைத்தால் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். ஏப்ரலில் டெக்சாஸுக்கும் ஜெர்மனிக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 7 மணி என்றால் உங்களுக்கு நள்ளிரவு தாண்டி 2 மணி, தேதி 22 ஆகியிருக்கும். விழித்திருந்து பாருங்கள், தவறில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது வளாக மஸ்டரே இணையவழியில்தான் நடந்தது. எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து பதில் சொன்னார்கள். ஆனால் நேரலை பார்ப்பதை மஸ்டர் என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். மாலையில் உங்களுடையதை நடத்துங்கள், இரவில் அதைப் பாருங்கள்.

"நான் இந்தியன் வேற" என்றீர்கள். உங்கள் தயக்கம் புரிகிறது. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் நாம் முன்வரிசையில் போய் உட்காருவதுபோல இருக்கிறது, சரிதானே? டெக்சாஸ் சுதந்திரப் போர், அமெரிக்க ராணுவம், கொரகிடோர், எதுவும் நம் கதையில்லை. எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பட்டியலில் இடம்பெற அந்தக் கதைக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே படித்தவராக இருந்தால் போதும். ஒரு செமஸ்டர் படித்துவிட்டுப் போனவரையும் கூப்பிடுகிறார்கள். ரீட் அரீனாவில் நான் கேட்ட பெயர்களில் வியட்நாமியப் பெயர், ஸ்பானியப் பெயர் எல்லாம் இருந்தன. பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் ஏ அண்ட் எம்மில் படித்தவர்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்? பாட்டிமார்கள், மனைவிமார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். இறந்தவர் அங்கே படித்தவராக இருந்தார், பதில் சொல்பவர் இறந்தவருக்கு வேண்டியவராக இருந்தார். அவ்வளவுதான் தகுதி.

இரண்டு வருடப் பழக்கம் போதுமா என்றும் கேட்டீர்கள். லேபில் ஒன்றாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஓடும் கருவியைப் பார்த்துக்கொள்ள ஒருவன், காபி வாங்கிவர ஒருவன். அவன் வீட்டாருக்கே தெரியாத இரண்டு வருடம் உங்களிடம் இருக்கிறது.

அவர் மாணவராக இருக்கும்போதே இறந்ததால், வளாகத்தில் அவருக்காக ஏற்கெனவே சில்வர் டாப்ஸ் என்ற அதே பெயருள்ள சடங்கு நடந்திருக்கும். மாதத்தின் முதல் செவ்வாய் இரவு பத்தரைக்கு ராஸ் சிலைக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு நிற்பார்களே, அது. எக்காளத்தை வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று திசை பார்த்து வாசிப்பார்கள். கிழக்கு நோக்கி வாசிப்பதில்லை, அவருக்கு இனிச் சூரியன் உதிக்காது என்பதால். நீங்கள் அதில் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வளாக மஸ்டரிலும் அவர் பெயர் வரும். அவர் குடும்பத்தாரோ லேப் ஆட்களோ பதில் சொல்வார்கள். நீங்கள் கார்ல்ஸ்ரூவில் சொல்வதால் அது இரட்டிப்பாகிவிடாது. ஒரே பெயரைப் பல ஊர்களில் கூப்பிடுவது உண்டு. முடிந்தால் அவர் வீட்டாருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், ஜெர்மனியிலும் அவர் பெயரைக் கூப்பிடப் போகிறோம் என்று. புகைப்படம் கேட்காதீர்கள், பதிலையும் எதிர்பார்க்காதீர்கள். தகவலாக மட்டும்.

கடைசியாக, தனியாக நடத்தலாமா என்ற கேள்வி. சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடலாம், விளக்கைத் தனியாக ஏற்றலாம். பட்டியலை மட்டும் தனியாக வாசிக்க முடியாது. கூப்பிட ஒரு குரல் வேண்டும், பதில் சொல்ல வேறு ஒரு குரல். ஸ்டுட்கார்ட் சமையலறையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அந்த இன்னொருவர் ஆகீயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விடுதியில் பக்கத்து அறைக்காரர் இருப்பார், இல்லையென்றால் லேபில் யாராவது. என்ன, ஏது என்று ஐந்து நிமிடம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. உங்கள் நண்பரின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், கீழே அதை எப்படி உச்சரிப்பது என்றும். ஒருமுறை அவரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மானியர்களுக்கு வெளியூர்ப் பெயர்கள் முதல் தடவையில் வராது, இரண்டாவது தடவையில் வந்துவிடும்.